அடக்க மெயில்களை மட்டும் திறந்தவர்

கருங்கல் பக்கம் ராகேலைத் தெரிந்தவர்கள் அவளைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். மெயில் சம்பந்தமாக எதைக் கேட்டாலும் அவளுக்குத் தெரியும் என்பது ஒன்று. அவள் யாரையும் நம்பமாட்டாள் என்பது இன்னொன்று. இரண்டாவதைச் சொல்லும்போது சிரிப்பார்கள். அவள் முன்னால் சொன்னால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் மறுக்கமாட்டாள்.

பிறவியிலேயே அப்படி இருந்தவள் இல்லை. 2004-இல் கருங்கல் சந்திப்பில் மாடியில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கரண்டு போனால் ஜன்னல் வழியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். வளைகுடாவில் இருக்கும் கணவன்மாருக்குப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, ராகேல் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவாள். யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எந்த மாமியார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவள் விரல் வழியாகத்தான் கடல் தாண்டிப் போனது. ஒரு வார்த்தை வெளியே விடமாட்டாள் என்று பெயர் எடுத்திருந்தாள்.

அடுத்த வருஷம் அவளுடைய அண்ணன் ஞானதாசனுக்குக் குவைத்தில் ஓர் எண்ணெய்க் கம்பெனியிலிருந்து வேலை உத்தரவு மெயிலில் வந்தது. ராகேல்தான் அச்செடுத்துக் கொடுத்தாள்.

"உள்ளதுதானா பாரு மக்கா. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு ஓடாது" என்றான் அண்ணன்.

அவள் ஒரு தடவை வாசித்தாள். "சரியாத்தான் இருக்கு அண்ணே. கம்பெனி சீல்கூட இருக்கு."

தென்னை நின்ற விளை நிலத்தை விற்றுவிட்டு அவன் மும்பைக்கு ரயில் ஏறினான். அங்கே ஒரு லாட்ஜில் இருபத்தொரு நாள் இருந்தான். கடிதத்தில் இருந்த விலாசத்தில் ஒரு பெயின்ட் கடை இருந்தது. திரும்பி வந்த பிறகு தங்கையை அவன் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று ராகேல் பல வருஷம் நினைத்தாள். அந்தத் தாளை எடுத்து மறுபடி வாசித்தபோது எல்லாம் கண்ணில் பட்டது. அனுப்பியவரின் முகவரி யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தொடங்கக்கூடிய முகவரி. குவைத் என்பதிலேயே ஓர் எழுத்துத் தப்பு. சீல் இரண்டு இடத்தில் ஒரே மாதிரி கோணலாக விழுந்திருந்தது.

அன்றிலிருந்து எந்த மெயில் வந்தாலும் அதன் உள்ளே போய், எங்கிருந்து கிளம்பியது, எந்த வழியாக வந்தது என்று பார்க்கக் கற்றுக்கொண்டாள். லாட்டரி விழுந்திருக்கிறது, கனடாவில் சபை ஊழியத்துக்கு ஆள் தேவை, ஆப்பிரிக்காவில் இறந்துபோன ஒருவரின் சொத்து உங்கள் பெயருக்கு வருகிறது என்று தாளும் கையுமாக ஆட்கள் மாடியேறி வருவார்கள். "ராகேலு, இது உள்ளதா, கள்ளமா?" என்று கேட்பார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கள்ளம். மிச்சம் ஒன்றையும் அவள் சட்டென்று உள்ளது என்று சொன்னதில்லை.

கைபேசியிலேயே மெயில் வரத் தொடங்கியதும் பிரவுசிங் சென்டர் படுத்துவிட்டது. 2011-இல் செல்வதாஸ் அவளைத் தேடி வந்தார். கல்யாண வீடியோ எடுக்கிறவர்; நாற்பத்தைந்து வயது; சிரித்த முகம்; யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். கல்யாணத்தையும் அடக்கத்தையும் வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்கள் அந்த நேரத்திலேயே பார்க்கும்படி இணையத்தில் நேரலையாகக் காட்டும் ஏற்பாட்டை அவர் புதிதாகத் தொடங்கியிருந்தார். ஒலிவா லைவ் என்று பெயர். கேமராவும் லேப்டாப்பும் மூன்று டேட்டா கார்டுகளுமாக ஸ்டெனி என்கிற கேமராமேன் கோயில் கோயிலாக ஏறி இறங்கினான். எல்லாம் இருந்தது, பார்க்கத்தான் ஆள் இல்லை.

"முதல் கல்யாணத்த ஏழு பேரு பாத்தாவ ராகேலு. அதுல நாலு பேரு நம்ம ஸ்டுடியோவிலதான் இருந்தோம்" என்றார்.

"துபாயில இருக்கியவனுக்கு எப்பிடித் தெரியும் அண்ணே? போன்ல சொன்னா அவன் டூட்டிக்குப் போயி மறந்திருவான். அவனுக்கக் கையில லிங்க் போவணும். மெயில் அனுப்புங்க."

"அப்போ நீயே வந்து அனுப்பு."

அப்படித்தான் அவள் ஒலிவா லைவில் சேர்ந்தாள். கல்யாண மண்டபங்களின் வாசலில், மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துகொள்வாள். வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள், மெயில் அனுப்பினால் பார்ப்பார்களா என்று கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் எழுதுவாள். பெயர், வீட்டுப்பெயர், ஊர், பங்குக்கோயில் அல்லது சபை, இருக்கிற நாடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். மொத்தமாக மெயில் அனுப்பும் ஓர் இணையச் சேவையில் அதையெல்லாம் ஏற்றினாள்.

எதை எப்போது அனுப்பினால் திறப்பார்கள் என்பதை ஆறு மாதத்தில் பிடித்துவிட்டாள். மணமக்கள் பெயரை மட்டும் தலைப்பில் போட்டால் பாதிப் பேர் திறப்பதில்லை. வீட்டுப்பெயரும் ஊரும் போட வேண்டும். அந்த வீட்டோடு சண்டை உள்ளவன்கூடத் திறப்பான். துபாய் நேரம், சவூதி நேரம், குவைத் நேரம் மூன்றையும் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை என்பதால் வியாழன் சாயங்காலம் அனுப்ப வேண்டும். அடக்கத்துக்குக் கிழமை பார்க்க முடியாது; அடக்க நேரம் குறித்த அரை மணிக்குள் மெயில் போய்விட வேண்டும். 2013-இன் தொடக்கத்தில் பட்டியலில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் முகவரிகள் இருந்தன. பெரிய வீட்டு அடக்கம் என்றால் ஐந்நூறு பேர் பார்த்தார்கள். செல்வதாஸ் இன்னொரு கேமரா வாங்கினார்.

யார் மெயிலைத் திறந்தார்கள், எத்தனை மணிக்குத் திறந்தார்கள், எந்த நாட்டிலிருந்து திறந்தார்கள் என்பதையெல்லாம் அந்தச் சேவை ஒரு பக்கத்தில் காட்டும். காலையில் சாயாவோடு அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்காருவது ராகேலுக்குப் பழக்கம். அங்கேதான் அந்த ஆளைக் கவனித்தாள்.

அவன் நோட்டுப் புத்தகத்தின் வழியாக வந்தவன் இல்லை. ஒலிவா லைவின் இணையப் பக்கத்தில் இருந்த படிவத்தில் தானே முகவரியைச் சேர்த்திருந்தான். பெயர் என்ற கட்டத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்திருந்தான். நாடு சவூதி என்று காட்டியது. கல்யாண மெயில் எதையும் அவன் தொடுவதில்லை. திருவிழா, புதுமனை எதுவும் இல்லை. மண்டைக்காட்டுக்கு மேற்கே உள்ள ஒரு கடற்கரை ஊரின் அடக்க மெயில் போனால் மட்டும் ஐந்து நிமிடத்துக்குள் திறந்துவிடுவான். ஒரு முறை அல்ல, ஒரே மெயிலைப் பத்துப் பன்னிரண்டு முறை.

"புள்ளி இன்னைக்கும் வந்துட்டாரா அக்கா?" என்று ஸ்டெனி வேடிக்கையாகக் கேட்பான்.

"சாவு வீட்ட மட்டும் பாக்கியவன் நல்ல ஆளா இருப்பானா ஸ்டெனி? எந்த வீட்டில ஆளு இல்லாம கெடக்கும்னு கணக்கு எடுக்கியானோ என்னவோ."

ஜூன் மாதம் மஸ்கட்டிலிருந்து சஜிதா என்கிற நர்ஸ் போன் செய்தாள். கருங்கல்காரி, ராகேலே நேரில் கேட்டு முகவரி வாங்கிய பெண்.

"அக்கா, ஒங்க மெயில்ல எங்க வீட்டுப்பேரும் ஊரும் போட்டு அடக்கம்னு இருந்து, பெரியப்பாவாக்கும்னு நெனச்சேன். திறந்தா மெயில் பாஸ்வேர்ட் கேட்டு. நானும் அழுதுட்டே அடிச்சிட்டேன். இப்ப எனக்க பேரில எல்லாருக்கும் மெயில் போவுது. நான் ஏதோ ஊருல மாட்டிக்கிட்டேன், உதவி அனுப்புங்கன்னு. பெரியப்பா வீட்டுக்குக் கூப்பிட்டா, அவரே போனை எடுத்து, என்ன மோளேன்னு கேக்காரு!"

ராகேல் உடனே ஸ்டுடியோ கம்ப்யூட்டரைத் திறந்தாள். அந்த மெயிலை அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தாள். அதே ஒலிவ இலைப் படம், அதே எழுத்து, வீட்டுப்பெயர் ஊர்ப்பெயர் எல்லாம் அவள் எழுதுகிற முறையிலேயே இருந்தது. அனுப்பிய முகவரியில் மட்டும் ஒலிவாவுக்கு நடுவே ஓர் எழுத்துக் கூடுதல். அந்த வாரத்திலேயே இன்னும் பதினொரு பேர் கூப்பிட்டார்கள். நூற்று நாற்பது பேர் பட்டியலிலிருந்து விலகினார்கள். ஒரு பங்குக்கோயிலில் சாமியார் பூசை முடிந்ததும், ஒலிவா லைவ் மெயிலைத் திறக்கவேண்டாம் என்று அறிவிப்பு வாசித்தார்.

செல்வதாஸ் முகத்தில் சிரிப்பு இல்லை. "லிஸ்ட் உனக்கக் கையிலதானே இருந்து ராகேலு?" என்றார்.

"எனக்கக் கையில மட்டுமா? ஒங்க கம்ப்யூட்டர்ல உண்டு. ஸ்டெனிக்க லேப்டாப்புல உண்டு."

"நான் சும்மாக் கேட்டேன்" என்றார் அவர். சும்மாக் கேட்டது போல இல்லை. அவள் கைப்பையை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் வந்தபோது, அவர் அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததாகத் தோன்றியது. அதற்குப் பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

முதலில் அவள் சந்தேகம் போனது புள்ளி மேல்தான். மெயில் வாங்குகிற ஒருவனுக்கு மற்றவர்களின் முகவரி தெரியாது என்பது அவளுக்குத் தெரியாதது அல்ல. ஆனால் அடக்க மெயிலை இத்தனை தடவை திறந்து பார்க்கிறவன் அதைப்போலவே ஒன்று செய்வதற்குத்தான் பார்க்கிறான் என்று மனசு அடித்துச் சொல்லிற்று. அவன் முகவரியைப் பட்டியலிலிருந்து தூக்கினாள்.

ஐந்தாம் நாள் ஸ்டுடியோ எண்ணுக்கு ஓர் அழைப்பு வந்தது. இரைச்சலுக்கு நடுவே ஒரு ஆண் குரல், கடற்கரைப் பேச்சு.

"எனக்கு மெயில் வரல்லியே. ரெண்டு மாசமா ஊருல ஒரு அடக்கமும் இல்லியா?"

அவன் சொன்ன ஊரைக் கேட்டதுமே ராகேலுக்கு ஆள் யாரென்று புரிந்தது. அடக்கம் ஒன்று நான்கு நாளைக்கு முன்னால்தான் நடந்திருந்தது. அவனுக்குத்தான் மெயில் போகவில்லை. ரெண்டு மாசம் என்று அவன் சொன்னது, அதற்கு முந்திய அடக்கத்திலிருந்து எண்ணி.

"ஒங்க பேரு என்ன?"

"பேரு வேண்டாம்."

"பேரு சொல்லாதவங்களுக்கு மெயில் கிடையாது. அடக்கம் மட்டும் ஒங்களுக்கு எதுக்கு?"

இரைச்சல் குறைந்தது; எங்கேயோ தள்ளிப் போய் நின்றான் போல. பிறகு சொன்னான்: "எனக்க அம்மையப் பாக்கதுக்கு. அம்மை கல்யாணத்துக்குப் போவமாட்டா. அங்க போனா மவன் எங்க, எப்ப வாறான்னு கேப்பாவ. அடக்க வீட்டில யாரும் கேக்கமாட்டாவ. ஊருல ஒரு அடக்கம் விடமாட்டா. கோயிலுக்குள்ள வராது. வெளிய கொடிமரத்துக்கப் பக்கத்துல நிக்கும். உங்க ஆளு கேமராவத் திருப்பும்போ ஒரு செக்கண்டு தெரியும்."

"போன் பண்ணிப் பேசுனா என்ன?"

"எடுக்கமாட்டா."

"கதை கொள்ளாம்" என்று சொல்லிவிட்டு ராகேல் போனை வைத்தாள். பிரவுசிங் சென்டரில் இதைவிட நல்ல கதைகளை அவள் கேட்டிருந்தாள். கதை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு கள்ளம் என்பது அவள் அனுபவம்.

புள்ளியைத் தூக்கிய பிறகும் கள்ள மெயில் நிற்கவில்லை. அப்போதுதான் அவள் கண்ணி வைத்தாள். பட்டியலைச் சுத்தம் பண்ணியிருக்கிறேன், பழையதை அழித்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று செல்வதாஸுக்கும் ஸ்டெனிக்கும் புதுப் பிரதி கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் உலகத்தில் இல்லாத ஓர் ஆளைச் சேர்த்திருந்தாள். ஸ்டெனியின் பிரதியில் குலசேகரத்து ஓமனா. செல்வதாஸின் பிரதியில் தோவாளை பகவதியம்மாள். தன்னுடையதில், கம்ப்யூட்டருக்குள் யாராவது புகுந்திருந்தால் தெரியட்டும் என்று அஜிதா. மூன்று பேருக்கும் அவளே மெயில் கணக்குத் தொடங்கி, தினமும் மூன்றையும் திறந்து பார்த்தாள்.

ஓமனாவுக்குத்தான் வரும் என்று உறுதியாக நம்பினாள். ஸ்டெனிக்குப் புதிதாக ஒரு பைக் வந்திருந்தது. போன் வந்தால் எழுந்து வெளியே போய்ப் பேசினான். அவன் நீட்டிய சாயாவைக்கூட அந்த நாட்களில் அவள் அரைமனதோடுதான் வாங்கிக் குடித்தாள்.

பதினொன்றாம் நாள் தோவாளை பகவதியம்மாளுக்கு மெயில் வந்தது. ஏதோ ஒரு கன்சல்டன்சி, கத்தாரில் வேலை இருப்பதாக எழுதியிருந்தது. நான்கு நாள் கழித்து, ஒலிவா லைவ் பெயரில், உங்கள் உறவினரின் அடக்கத்தைக் காண பாஸ்வேர்டை அடிக்கவும் என்று இன்னொன்று. உலகத்திலேயே இல்லாத பகவதியம்மாளுக்கு உறவினர் செத்துப்போயிருந்தார்.

ராகேல் இரண்டையும் அச்செடுத்து செல்வதாஸின் மேசையில் வைத்தாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்பதையும் சொன்னாள். அவர் இரண்டு தாளையும் வாசித்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்க மச்சினன்தான் கேட்டான். கன்சல்டன்சி தொடங்கியிருக்கான். ஆளுவளுக்க மெயில் ஐடி உண்டா அத்தான்னான். மாசம் ஒருக்க புதுசக் குடுத்தேன். அவன் வேற ஆருக்கும் குடுப்பான்னு எனக்கென்ன தெரியும்? வெறும் மெயில் அட்ரசு தானே ராகேலு, சொத்தா?"

"ஒவ்வொருத்தரிட்டயும் நான் நேர்ல கேட்டு வாங்கினது அண்ணே. எனக்க மூஞ்சியப் பாத்துக் குடுத்தாவ." அவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "நீங்க குடுத்தது ஒங்களுக்குத் தெரியும். பின்ன எதுக்கு என்னையச் சந்தேகப்பட்டிய?"

"சந்தேகப்படல்ல..." என்று அவர் இழுத்தார். "நான் குடுத்ததனால இருக்காதுன்னு நெனச்சேன். அப்போ வேற ஆராவது இருக்கணும்லா?"

அவர் பொய் சொல்லவில்லை என்று ராகேலுக்குப் பட்டது. அதுதான் அதிகமாக வலித்தது. நடந்ததைப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் எழுதியாக வேண்டும், இல்லையென்றால் இன்றைக்கே போகிறேன் என்றாள். மானம் போகுமே என்று அவர் கெஞ்சினார். கடைசியில் மச்சினன் பெயர் வேண்டாம் என்ற நிபந்தனையோடு தலையாட்டினார். "உங்கள் முகவரி எங்களிடமிருந்துதான் வெளியே போனது" என்ற தலைப்போடு அன்று மத்தியானம் மெயில் போனது. அந்த இரண்டு வருஷத்தில் அவள் அனுப்பிய எதையும் இத்தனை பேர் திறந்ததில்லை. பலர் திட்டி எழுதினார்கள். சஜிதா மட்டும், "சொன்னதுக்கு நன்றி அக்கா" என்று ஒரு வரி எழுதியிருந்தாள்.

ஸ்டெனியிடமும் ஓமனாவைப் பற்றிச் சொன்னாள்.

"என்னையும் நெனச்சியளா அக்கா?"

"ஒன்னையத்தான் முதல்ல நெனச்சேன்."

அவன் கேமராவைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "பைக் எனக்க மாமனாரு வாங்கித் தந்தது" என்றான் பிறகு. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அந்த இரண்டு நாளில் ராகேல் பழைய அடக்கப் பதிவுகளை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அந்தக் கடற்கரை ஊரில் மட்டும் பதினொன்று. கேமரா கோயில் வாசலிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்புகிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். முதல் பதிவில், கொடிமரத்தை ஒட்டி, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஒல்லியாக ஒரு பெண். இரண்டாவதிலும் அதே பெண். மூன்றாவதில் மழை, குடை இல்லாமல் நின்றாள். பதினொன்றிலும் அவள் இருந்தாள். ஸ்டெனி எப்போதும் கூட்டத்தை வேகமாகக் கடந்துவிடுவான். ஒரு பதிவில் அவள் தெரிந்தது முழுசாக இரண்டு விநாடி. நேரலை முடிந்த பிறகும் அதே லிங்கில் கிடக்கிற பதிவில் அதைப் பார்க்கத்தான் அவன் ஒரே மெயிலைப் பன்னிரண்டு தடவை திறந்திருக்கிறான்.

அப்படியும் ராகேல் முழுக்க நம்பவில்லை. கொடிமரத்தின் பக்கத்தில் ஒரு பெண் நிற்பது வீடியோ பார்க்கிற எவனுக்கும் தெரியும். நேரில் பார்க்காமல் முடியாது என்று சனிக்கிழமை பஸ் ஏறினாள்.

கோயில் பக்கத்துச் சந்தையில் அந்தப் பெண் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். பெயர் செசிலி என்று பக்கத்துக் கடையில் சொன்னார்கள். அறுபத்தைந்து வயதிருக்கும். ராகேல் தன்னை யாரென்று சொல்லி, வெளிநாட்டில் மகன் உண்டா என்று கேட்டதும் செசிலியின் கை சாளை மீன் மேலேயே நின்றுவிட்டது.

"நீ ஆருட்டி? ஏஜெண்டா? போலீசா?"

"இல்லம்மா. அடக்கத்த வீடியோவில காட்டுகிய கம்பெனி..."

"செத்துப்போயிட்டானா? அதச் சொல்லத்தான் வந்தியா?"

"அய்யோ இல்லம்மா. நல்லா இருக்காரு. போன்ல பேசினாரு. ஒங்களப் பாக்காராம். ஒவ்வொரு அடக்கத்துலயும் கொடிமரத்துக்கப் பக்கத்துல நிக்கியளே, அத."

செசிலி அவளை மேலும் கீழும் பார்த்தாள். ராகேல் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, மீன் பலகையின் ஓரத்தில் தாள் விரித்து வைத்து, அந்த இரண்டு விநாடியைக் காட்டினாள். செசிலி தன்னையே பார்த்தாள். இன்னொரு முறை காட்டச் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். மகன் ஜேசுதாஸ் 2004-இல் மீன்பிடி ஒப்பந்தத்தில் போனான். வேலைக்கு வைத்த அரபி முதலாளி சரியில்லாதவன், இரண்டு வருஷத்தில் ஜேசுதாஸ் படகைவிட்டு ஓடினான். பாஸ்போர்ட் அரபியின் கையில். பேப்பர் இல்லாமல் எங்கெங்கேயோ கூலி வேலை. 2008-இல் அப்பன் செத்தபோது வர முடியவில்லை.

"வாறேன் வாறேன்னு ஒவ்வொரு மாசமும் போனுல சொல்லுவான். நானும் நம்பிட்டே இருந்தேன். பொறவு ஒரு நாளு சொன்னேன், நேர்ல வா, இல்லெங்கி இனிப் பேசாதன்னு. போனையும் பக்கத்து வீட்டுக்காரிக்குக் குடுத்துட்டேன்."

ராகேல் தலையாட்டினாள். செசிலி சட்டென்று நிமிர்ந்தாள்.

"நீ சொல்லுகியது உள்ளதுன்னு நான் எப்பிடி நம்புகது? எவனாவது அவன் பேரச் சொல்லி ஏமாத்துகானோ என்னவோ. அவனிட்ட ஒண்ணு கேளு. வலது காலுல எத்தன விரலுன்னு கேளு."

ராகேலுக்கு அவளை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. ஸ்டுடியோவுக்குத் திரும்பி, தூக்கிய முகவரியை மறுபடி சேர்த்து, அந்தக் கேள்வியை மட்டும் எழுதி அனுப்பினாள். மூன்று நிமிடத்தில் பதில் வந்தது.

"வலது காலில் ஐந்தும் உண்டு. இடது காலில்தான் சுண்டுவிரல் இல்லை. சின்னதில் நங்கூரக் கயிறு இழுத்தது. அம்மை சோதிக்கிறாள். நம்பு என்று யார் சொன்னாலும் அவள் சோதிப்பாள்." கீழே முதல் முறையாகப் பெயர் இருந்தது.

மறுபடி சந்தைக்குப் போய்ப் பதிலை வாசித்துக் காட்டியபோது செசிலி அழவில்லை. "திமிரு கொறையல்ல" என்றாள்.

அடுத்த அடக்கம் ஆகஸ்டில் வந்தது. ராகேலும் ஸ்டெனியோடு போயிருந்தாள். செசிலி கொடிமரத்தடியில் இல்லை. எங்கே என்று ராகேல் தேடிக்கொண்டிருந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக ஸ்டெனியிடம் வந்தாள்.

"இதுல எதுக்குள்ளப் பாக்கணும் மக்கா?"

ஸ்டெனி லென்ஸைக் காட்டினான். செசிலி தலைப்பைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு, அதற்குள் யாரோ நிற்பது போல உற்றுப் பார்த்தாள். ஒரு முழு நிமிடம். வாயைத் திறக்கவில்லை. ஸ்டெனி கேமராவைத் திருப்பவும் இல்லை. கோயிலுக்குள் பாட்டு நடந்துகொண்டிருந்தது. இறந்தவரின் மருமகன் வந்து, எங்க வீட்டு அடக்கத்த விட்டுட்டு என்னத்த எடுக்கிய என்று சத்தம் போட்ட பிறகுதான் அவள் விலகினாள். அந்த மெயிலை ஜேசுதாஸ் எத்தனை தடவை திறந்தான் என்று பார்க்க ராகேல் மறுநாள் அந்தப் பக்கத்தை விரித்தாள். எண்ணைப் பார்த்துவிட்டு மூடினாள்.

பேப்பர் இல்லாதவர்கள் தண்டனை இல்லாமல் ஊர் திரும்பலாம் என்று சவூதியில் அந்த வருஷம் ஒரு கெடு அறிவித்திருந்தார்கள். வெளியே வந்தால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள், அது வலை என்று ஜேசுதாஸ் பயந்துகொண்டிருந்தான். "உள்ளதா, கள்ளமா?" என்று ராகேலுக்கு எழுதிக் கேட்டான். அவள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். தூதரக அறிவிப்பைத் தேடி வாசித்தாள். அப்படித் திரும்பி வந்த மூன்று பேரின் வீட்டுக்கு நேரில் போய்ப் பேசினாள். அவர்கள் கையில் இருந்த தாளைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு எழுதினாள்: "உள்ளது. தைரியமாகப் போங்கள்." அண்ணனுக்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் யாருக்கும் இப்படிச் சொன்னதில்லை. அனுப்பிவிட்டு அவன் விமானம் ஏறுகிற வரை சரியாகச் சாப்பிடவில்லை.

அக்டோபரில் அவன் திருவனந்தபுரத்தில் இறங்கினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராகேல் போனபோது முற்றத்தில் நரைத்த தலையோடு ஓர் ஆள் எழுந்து நின்று கும்பிட்டான். மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் வைத்தார்கள். செசிலி மகனோடு இன்னும் நேராகப் பேசத் தொடங்கவில்லை.

"கெழங்கு ஆறுதுன்னு அவனிட்டச் சொல்லு" என்றாள் ராகேலிடம்.

"அம்மை சொன்னது கேட்டு" என்றான் ஜேசுதாஸ்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ராகேல் ஒலிவா லைவைவிட்டு விலகித் தனியாக நேரலை தொடங்கினாள். பழைய பட்டியலிலிருந்து ஒரு முகவரிகூட எடுத்துக்கொண்டு வரவில்லை. மறுபடி நோட்டுப் புத்தகத்தோடு மண்டப வாசலில் உட்கார்ந்து முதலிலிருந்து கேட்டு எழுதினாள். ஸ்டெனியும் அவளோடு வந்துவிட்டான். கடற்கரைப் பக்கத்தில் நேரலை என்றால் ஜேசுதாஸ் ஒயர் பிடிக்க வருவான். கூட்டத்தை வேகமாகக் கடக்காதே, முகங்களை நிறுத்திக் காட்டு என்று ஸ்டெனியிடம் சொல்லிக்கொண்டே இருப்பான். மற்ற லைவ்காரர்களும் மெயில் வேலையை அவளிடமே கொடுக்கத் தொடங்கினார்கள். யாருக்கும் அவள் பட்டியலைத் தருவதில்லை. செய்தியை வாங்கிக்கொண்டு அவளே அனுப்புவாள்.

2016-இல் செல்வதாஸ் தன் மகள் கல்யாணத்தைச் சொல்ல வந்தார். தயங்கித் தயங்கி, வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் போடணுமே என்றார். ராகேல் தேதியும் மண்டபமும் கேட்டு எழுதிக்கொண்டு, வியாழன் சாயங்காலம் போகும் என்றாள்.

"எத்தன பேருக்குப் போவும்?" என்று அவர் திரையைப் பார்க்க முன்னால் குனிந்தார்.

"அண்ணே, நீங்க அந்தப் பக்கத்து நாற்காலியில இருந்து சாயா குடியுங்க" என்று சொல்லி ராகேல் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.